வட்ட ஆர்.என்.ஏ.: புற்றுநோயில் குற்றவாளியா, சாட்சியா?

புற்றுநோய் ஆய்வுச் செய்திகளைக் கொஞ்ச காலமாகப் படித்து வருபவர்களுக்கு ஒரு சொல் அடிக்கடி கண்ணில் பட்டிருக்கும்: சர்க்குலர் ஆர்.என்.ஏ. இந்தக் குறிப்பில் நான் அதை வட்ட ஆர்.என்.ஏ. என்றே எழுதுகிறேன். "இந்த வட்ட ஆர்.என்.ஏ. இன்ன புற்றுநோயைத் தூண்டுகிறது", "அந்த வட்ட ஆர்.என்.ஏ. இன்ன கட்டியை அடக்குகிறது" என்ற பாணியில் கட்டுரைத் தலைப்புகள் வரும். நுரையீரல், கல்லீரல், வயிறு, மார்பகம், பெருங்குடல் என்று எந்த உறுப்பை எடுத்தாலும் அதற்கென்று நாலைந்து இருக்கும்.

நான் உயிரியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடங்களாக சாப்ட்வேர் எழுதுபவன். ஆனால் இந்தத் துறையில் நடக்கும் சண்டையில் பாதி தரவைப் பற்றியது. எதை எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள், எண்ணியதிலிருந்து எதை முடிவு செய்தார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் அலசுகிறார்கள். அதனால் என்னைப் போன்ற ஆளும் பின்தொடர முடிகிறது.

இந்தக் குறிப்பின் கேள்வி ஒன்றுதான். ஒரு மூலக்கூறு கட்டியில் அதிகமாக இருக்கிறது என்றால், கட்டி வளர அதுதான் காரணமா? குற்றம் நடந்த இடத்தில் நின்றவன் குற்றவாளியாக இருக்கலாம். எல்லாவற்றையும் பார்த்த சாட்சியாக இருக்கலாம். சும்மா அந்த வழியாகப் போனவனாகக்கூட இருக்கலாம். மூன்று பேரையும் ஒரே மாதிரி நடத்தினால் வழக்கு நிற்காது இல்லையா?

நுனி இல்லாத சரம்

முதலில் அடிப்படை. டி.என்.ஏ.வில் இருக்கும் ஒரு மரபணுவைச் செல் நகலெடுத்து ஆர்.என்.ஏ. ஆக்குகிறது. அந்த முதல் நகலில் வைத்துக்கொள்ள வேண்டிய துண்டுகளும் வெட்டி எறிய வேண்டிய துண்டுகளும் மாறி மாறி வரும். வைத்துக்கொள்வது எக்ஸான், வெட்டி எறிவது இன்ட்ரான். செல் இன்ட்ரான்களை வெட்டிவிட்டு எக்ஸான்களை வரிசையாக ஒட்டும். முதல் எக்ஸானின் வால் இரண்டாவதின் தலையோடு, இரண்டாவதின் வால் மூன்றாவதின் தலையோடு. இப்படி ஒட்டி வரும் நீளமான இழையைப் படித்துத்தான் புரதம் செய்யப்படுகிறது.

சில சமயம் இந்த ஒட்டுவேலை பின்னோக்கி நடக்கிறது. மூன்றாவது எக்ஸானின் வால் நாலாவதைத் தேடிப் போகாமல், திரும்பி வந்து இரண்டாவதின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். அல்லது ஒரே எக்ஸான் தன் வாலைத் தன் தலையோடேயே சேர்த்துக்கொள்ளும். இரண்டு முனைகளும் இணைந்துவிட்டதால் கிடைப்பது ஒரு வளையம். எச்.ஐ.பி.கே.3 என்ற மரபணுவின் இரண்டாவது எக்ஸான் இதற்கு நல்ல உதாரணம். அந்த ஒரே எக்ஸான் 1,099 எழுத்து நீளமுள்ள வளையமாகிறது.

இது ஏன் நடக்கிறது? வளையமாகப் போகும் துண்டின் இரண்டு பக்கமும் இருக்கும் இன்ட்ரான்களில், ஒன்றோடொன்று ஜோடி சேரக்கூடிய எழுத்து வரிசைகள் பல நேரம் இருக்கின்றன. அலு என்ற பெயரில் நம் ஜீனோமில் சுமார் 10 சதவீத இடத்தைப் பிடித்திருக்கும் திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் இதில் முக்கியமானவை. இவை ஜோடி சேர்ந்தால் நடுவில் இருக்கும் எக்ஸானின் இரண்டு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். சில புரதங்களும் இந்த வேலையைச் செய்கின்றன. க்யூ.கே.ஐ. என்ற புரதம் அப்படி வட்டங்கள் உருவாக உதவுகிறது என்று 2015-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் குழு காட்டியது. ஒட்டி வாழும் செல்கள் பிடியை விட்டு நகரும் செல்களாக மாறும்போது இது நடப்பதை அவர்கள் பார்த்தார்கள். புற்றுநோய் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவுவதோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் மாற்றம் அது. ஆக, வட்டமாவது வெறும் கைத்தவறு என்று ஒதுக்க முடியாது. செல் அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

வளையமானதால் என்ன லாபம்? ஆயுள். செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளில் பல, இழையின் நுனியைப் பிடித்துத்தான் தின்ன ஆரம்பிக்கும். பூச்சரத்தில் நூலின் நுனி அவிழ்ந்தால் ஒவ்வொரு பூவாக உதிர்ந்துவிடும். நுனியே இல்லாத சரத்தை எங்கே பிடித்து உருவுவது? காலேஜில் டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பர் எழுதியவர்களுக்கு சர்க்குலர் லிங்க்ட் லிஸ்ட் ஞாபகம் வரும். அதில் தலையும் கிடையாது, 'நல்' என்று முடியும் இடமும் கிடையாது. வட்ட ஆர்.என்.ஏ. பலவற்றின் அரை ஆயுள் 48 மணி நேரத்தைத் தாண்டும் என்று 2013-ல் அமெரிக்காவின் வட கரோலினா குழு அளந்து சொன்னது. அதே மரபணுக்களின் நேர் இழைகள் அதற்கு வெகு முன்பே கரைந்துவிடும்.

இந்த ஆயுள் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நல்லதுக்கும் கெட்டதுக்கும் இதுவே காரணமாக வரும்.

இருபது வருடம் ஒதுக்கிவைத்த தரவு

வட்ட ஆர்.என்.ஏ. புதுக் கண்டுபிடிப்பு இல்லை. செடிகளைத் தாக்கும் வைராய்டுகளின் ஆர்.என்.ஏ. மூடிய வளையம் என்று 1976-ல் ஹெய்ன்ஸ் லுட்விக் சேங்கர் குழு காட்டிவிட்டது. 1979-ல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் விலங்குச் செல்களுக்குள்ளும் வளையங்கள் தெரிந்தன.

மனித மரபணுவிலிருந்து வந்த முதல் தடயம் கிடைத்தது ஒரு புற்றுநோய் ஆய்வகத்தில். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டீன் குழு டி.சி.சி. என்ற மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தது. பெருங்குடல் புற்றுநோயில் அடிக்கடி காணாமல் போகும் மரபணு என்பதால்தான் அதற்கு அந்தப் பெயரே. அதன் ஆர்.என்.ஏ.வைப் படித்தபோது சில நகல்களில் எக்ஸான்கள் வரிசை மாறி ஒட்டியிருந்தன. பின்னால் வரவேண்டியது முன்னால். 1991-ல் ஜானிஸ் நிக்ரோ முதல் ஆசிரியராக 'செல்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். அளவு மிகக் குறைவு, என்ன வேலை செய்கிறது என்பதும் புரியவில்லை. 1993-ல் எலியின் விந்தகத்தில் எஸ்.ஆர்.ஒய். மரபணுவின் பெரும்பாலான நகல்கள் வட்டமாக இருப்பதை லண்டனில் கண்டார்கள். ஆனாலும் பொதுவாக எல்லோரும் இதை ஒட்டுவேலையில் வரும் பிழை என்று வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆர்.என்.ஏ. வரிசையைக் கோடிக்கணக்கில் படிக்கும் இயந்திரங்கள் வந்தன. அப்போதும் வட்டங்கள் தெரியவில்லை. இரண்டு காரணம்.

முதல் காரணம் சாம்பிள் தயாரிப்பில். நேர் இழையின் வாலில் 'ஏ' என்ற எழுத்து வரிசையாகத் தொங்கும். அந்த வாலைத் தூண்டில் போட்டுப் பிடித்துத்தான் வழக்கமாக ஆர்.என்.ஏ.வைச் சேகரிப்பார்கள். வளையத்துக்கு வால் ஏது? முதல் படியிலேயே அது கழுவிப் போய்விடும்.

இரண்டாவது காரணம் சாப்ட்வேரில். இயந்திரம் தரும் சின்னச் சின்ன வரிகளை ஜீனோமோடு பொருத்திப் பார்க்கும் புரோகிராம்கள், ஒரு வரியின் முன்பாதி ஜீனோமில் முன்னாலும் பின்பாதி பின்னாலும் வரும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டவை. தலைகீழாகப் பொருந்தும் வரி வந்தால் 'பொருந்தாதவை' என்று தனியாக ஒதுக்கிவிடும். நம் அலுவலகங்களில் லாக் பைலில் தினமும் வரும் ஒரு வார்னிங்கை யாரும் படிக்காமல் ஸ்க்ரோல் பண்ணுவோமே, அந்த மாதிரி.

2012-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜூலியா சால்ஸ்மன் குழு இந்த ஒதுக்கப்பட்ட வரிகளைத் தேடிப் போனது. அங்கேயும் காரணம் புற்றுநோய்தான். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் குரோமோசோம் உடைந்து மாறி ஒட்டியிருந்தால் எக்ஸான் வரிசை குலையும், அதைக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். வரிசை குலைந்த ஆர்.என்.ஏ. குவியலாகக் கிடைத்தது. ஆனால் ஆரோக்கியமான செல்களிலும் அதே மாதிரி இருந்தது. உடைந்த குரோமோசோமில் இருந்து வந்தவை இல்லை அவை. சாதாரண மரபணுக்களின் வட்ட நகல்கள். நூற்றுக்கணக்கான மரபணுக்களில் நேர் நகலைவிட வட்ட நகலே அதிகம் என்று அந்தக் கட்டுரை சொன்னது. புற்றுநோயின் தனி அடையாளம் என்று தேடியது எல்லா செல்லிலும் இருக்கும் சங்கதியாகிவிட்டது. இந்தத் துறையின் பிற்காலச் சிக்கல் முழுக்க இந்த ஒரு சம்பவத்துக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இன்றைக்கு வட்டங்களைத் தேட நிறைய புரோகிராம்கள் உண்டு. 2023-ல் 16 புரோகிராம்களை ஒரே தரவின்மேல் ஓட்டிப் பார்த்த ஒப்பீடு 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழில் வந்தது. மூன்று வகைச் செல்களில் மொத்தம் 3,15,000-க்கு மேல் வட்டங்களை அவை பட்டியலிட்டன. ஆனால் ஒன்று பிடித்ததை இன்னொன்று பிடிக்கவில்லை. சொன்னது சரியா என்று 1,516 வட்டங்களை ஆய்வகத்தில் சோதித்தபோது, ஓரளவு அதிகமாகக் காணப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையாகவே இருந்தன. அதாவது 'இருக்கிறது' என்று புரோகிராம் சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்று சொன்னால் நம்ப முடியாது. கட்டியில் இருக்கிறது, ஆரோக்கியமான திசுவில் இல்லை என்று யாராவது எழுதினால் எந்தப் புரோகிராமில் பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

ஸ்பாஞ்ச் கதை

2013-ல் 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் சேர்ந்து வந்தன. ஒன்று பெர்லினில் நிக்கோலாஸ் ராயெவ்ஸ்கி குழு, மற்றது டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் யோர்கன் கியெம்ஸ் குழு. இரண்டும் ஒரே வட்டத்தைப் பற்றியவை. ஒருவர் அதற்கு வைத்த பெயர் சி.டி.ஆர்.1-ஏ.எஸ்., இன்னொருவர் வைத்தது சி.ஐ.ஆர்.எஸ்.-7. நான் இரண்டாவது பெயரையே எழுதுகிறேன்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது செல்லின் பிரேக் மாதிரி. சின்னத் துண்டு. ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டி, புரதம் உருவாவதைத் தடுக்கும். மைக்ரோ ஆர்.என்.ஏ.-7 என்ற துண்டு போய் ஒட்டுவதற்கு எழுபதை ஒட்டிய இடங்கள் சி.ஐ.ஆர்.எஸ்.-7 வட்டத்தில் இருக்கின்றன. ஆக, வட்டம் ஒரு ஸ்பாஞ்ச் போல அந்தத் துண்டுகளை உறிஞ்சிக்கொள்கிறது, பிரேக் விலகுகிறது என்பது அந்தக் கட்டுரைகளின் கருத்து. அழகான கருத்து, யாருக்கும் இரண்டு நிமிஷத்தில் புரியும்.

புற்றுநோய்க்கு இதை நீட்டிப்பது ரொம்ப சுலபம். மைக்ரோ ஆர்.என்.ஏ.-7 பல இடங்களில் கட்டியை அடக்கும் பக்கம் நிற்பது. செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். போன்ற புரதங்களுக்கு அது பிரேக் போடுகிறது. வட்டம் பிரேக்கை உறிஞ்சினால் புரதம் ஏறும், கட்டி வளரும். இதே அச்சில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வார்க்கப்பட்டன. வட்டத்தின் பெயர், மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் எண், புரதத்தின் பெயர் மூன்றும் மாறும். கதை மாறாது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சி.ஐ.ஆர்.எஸ்.-7 விதிவிலக்கு. எழுபது இடங்கள், அதோடு மூளை நரம்புச் செல்களில் ஏராளமான நகல்கள். பெரும்பாலான வட்டங்களில் குறிப்பிட்ட ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு ஒன்றோ இரண்டோ இடம்தான் இருக்கும். செல்லில் நகல்களும் கொஞ்சமாகவே இருக்கும். எதிர்ப்பக்கம் மைக்ரோ ஆர்.என்.ஏ. எவ்வளவு? கல்லீரல் செல்லில் மிக அதிகமாக இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-122-ஐ வைத்து 2014-ல் சூரிச்சில் அளந்தார்கள். அதன் பிரேக் வேலை கண்ணுக்குத் தெரியும்படி தளர வேண்டுமென்றால் ஒரு செல்லில் புதிதாக ஒன்றரை லட்சம் ஒட்டுமிடங்களுக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. ஏரித் தண்ணீரைப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சால் வற்றவைக்க முடியுமா? ஆய்வகத்தில் ஒரு வட்டத்தைச் செயற்கையாகப் பல மடங்கு ஏற்றிவிட்டு விளைவு காட்டுவது வேறு. கட்டிக்குள் இயல்பாக இருக்கும் அளவில் அது நடக்கிறது என்று காட்டுவது வேறு.

மூல உதாரணமே பிறகு திரும்பிக்கொண்டது. 2017-ல் ராயெவ்ஸ்கி குழு அந்த வட்டம் இல்லாத எலிகளை உருவாக்கியது. ஸ்பாஞ்சை எடுத்துவிட்டால் மைக்ரோ ஆர்.என்.ஏ.-7 விடுதலையாகி, பிரேக் இறுகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மூளையில் அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் அளவே குறைந்தது. வட்டம் அதை உறிஞ்சி அழிக்கவில்லை, பாதுகாத்து வைத்திருக்கிறது என்றுதான் பொருள் கொள்ள வேண்டியிருந்தது.

மிக்ஸியில் அரைத்த கட்டி

இப்போது முக்கியமான வழக்குக்கு வருவோம். பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் சி.ஐ.ஆர்.எஸ்.-7 அதிகமாக இருக்கிறது, அது அதிகமுள்ள நோயாளிகளுக்கு நோயின் போக்கு மோசமாக இருக்கிறது, ஆகவே அது புற்றுநோயைத் தூண்டும் வட்டம் என்று 2017-ஐ ஒட்டி எழுதினார்கள். செல்களை வளர்த்து, வட்டத்தை ஏற்றி இறக்கிப் பார்த்த சோதனைகளும் கூடவே இருந்தன.

2020-ல் ஆர்ஹுஸின் லாஸ்ஸே கிறிஸ்டென்சென் குழு வேறு மாதிரி பார்த்தது. பொதுவாகக் கட்டித் துண்டை அரைத்து, அதிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து எண்ணுவார்கள். சட்னியை ருசித்துப் பார்த்து உறைக்கிறது என்று சொல்லலாம். அந்த உறைப்பு பச்சை மிளகாயிலிருந்தா, இஞ்சியிலிருந்தா என்று அரைத்த பிறகு எப்படிச் சொல்வது? அவர்கள் கட்டியை அரைக்காமல் மெல்லிய சீவலாக வெட்டி, அந்த வட்டம் எந்தச் செல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தார்கள்.

புற்றுநோய்ச் செல்களில் அது இல்லவே இல்லை. கட்டிக்குள் புற்றுநோய்ச் செல்களைச் சுற்றி இருக்கும் துணைத் திசுச் செல்களில்தான் நிறைந்து கிடந்தது.

யோசித்துப் பாருங்கள். புற்றுநோய்ச் செல்லுக்குள் உட்கார்ந்து பிரேக்கை உறிஞ்சுகிறது என்ற கதைக்கு, அது அந்தச் செல்லில் இருக்க வேண்டியது குறைந்தபட்சத் தேவை. அதுவே இல்லை. ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'இந்த வட்டம் அதிகமுள்ளவர்களுக்கு நோயின் போக்கு மோசம்' என்ற பழைய கண்டுபிடிப்பு இதனால் பொய்யாகிவிடாது. துணைத் திசு அதிகமுள்ள பெருங்குடல் கட்டிகள் மோசமாக நடந்துகொள்வது ஏற்கெனவே தெரிந்த விஷயம். வட்டம் அந்தத் துணைத் திசுவின் அளவைக் காட்டியிருக்கலாம். அதாவது சாட்சி சொன்னது உண்மை. அவனையே குற்றவாளி ஆக்கியதுதான் சிக்கல். குற்றவாளி என்று நம்பி அதை அழிக்கும் மருந்தைத் தேடியிருந்தால், வருஷங்களும் பணமும் நோயாளிகளின் நம்பிக்கையும் அதோடு போயிருக்கும்.

பங்கு பிரிந்தால் குறையும்

கட்டியில் ஒரு வட்டம் குறைவாக இருந்தால், 'இது கட்டியை அடக்கும் வட்டம், அதனால்தான் கட்டி இதைக் குறைத்துவிட்டது' என்று எழுதுவது இன்னொரு பழக்கம். இதற்கும் எளிய விளக்கம் ஒன்று உண்டு.

வட்டம் மெதுவாகச் சேரும், மெதுவாகவே அழியும் என்று பார்த்தோம். உதாரணத்துக்கு ஒரு செல்லில் 16 வட்டங்கள் சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். செல் இரண்டாகப் பிரிந்தால் ஆளுக்கு 8. அடுத்த பிரிவில் 4, அப்புறம் 2. அடிக்கடி பிரியும் செல்லுக்கு மறுபடி சேர்க்க நேரமே இல்லை. பிரியாமல் இருக்கும் நரம்புச் செல்லிலோ அது சேர்ந்துகொண்டே போகும். பெருங்குடல் திசுக்களை வைத்து 2015-ல் வியன்னாவில் செய்த ஆய்வு இதையே காட்டியது. செல் பெருக்கம் கூடக் கூட வட்டங்களின் ஒட்டுமொத்த அளவு குறைகிறது. வேகமாகப் பெருகுவதுதான் கட்டியின் குணம். ஆகவே வட்டம் குறைந்தது பெருக்கத்தின் விளைவாக இருக்கலாம். காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

அப்படியானால் குற்றவாளியே இல்லையா?

இருக்கிறார்கள். இதுவரை படித்துவிட்டு வட்ட ஆர்.என்.ஏ. எல்லாமே வெறும் சத்தம் என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு.

2016-ல் பியர் பாவ்லோ பண்டோல்ஃபி குழு ரத்தப் புற்றுநோயில் ஒன்றைக் காட்டியது. சில ரத்தப் புற்றுநோய்களில் இரண்டு குரோமோசோம்கள் உடைந்து மாறி ஒட்டிக்கொள்ளும். 11-வது குரோமோசோமின் எம்.எல்.எல். மரபணுவும் 9-வதின் ஏ.எஃப்.9 மரபணுவும் இணைவது அதில் ஒன்று. இந்தக் கலப்பு மரபணுவிலிருந்து கலப்புப் புரதம் வருவது பழைய செய்தி. கலப்பு வட்டமும் வருகிறது என்பது புதுசு. அந்த வட்டம் தனியாக நோயை உண்டாக்கவில்லை. கலப்புப் புரதத்தோடு சேர்ந்தபோது நோயை வேகப்படுத்தியது, மருந்துக்கு முன்னால் செல்கள் தாக்குப்பிடிக்கவும் உதவியது. இது ஆரோக்கியமான செல்லில் இருக்கவே முடியாத வட்டம். வழக்கு வலுவாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2019-ல் டொரண்டோ குழு 144 பேரின் புராஸ்டேட் கட்டிகளில் 76,311 வகை வட்டங்களைக் கண்டது. அதோடு நிற்கவில்லை. அதிகமாக இருந்த 1,507 வட்டங்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்து, எதை அடக்கினால் புற்றுநோய்ச் செல்லின் பெருக்கம் குறைகிறது என்று சோதித்தார்கள். 171 வட்டங்கள் தேறின, அதாவது 11.3 சதவீதம். அவற்றில் சுமார் 90 சதவீதத்துக்கு, அதே மரபணுவின் நேர் இழையை அடக்கினால் பெருக்கம் பாதிக்கப்படவில்லை. வட்டத்துக்கென்று தனி வேலை இருக்கிறது என்பதற்கு இது நல்ல ஆதாரம். இன்னொரு பக்கம் பார்த்தால், ஏராளமாக இருந்த வட்டங்களிலேயே பத்தில் ஒன்பதுக்கு அந்தச் சோதனையில் எந்த விளைவும் இல்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மூன்றாவது, நம் பழைய ஆள் சி.ஐ.ஆர்.எஸ்.-7. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் நியூயார்க் குழு 2020-ல் பார்த்தபோது, நோய் முற்றும்போது இந்த வட்டம் மறைந்துபோகிறது. ஐ.ஜி.எஃப்.2.பி.பி.3 என்ற புரதத்தை அது கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. வட்டம் போனால் புரதம் அவிழ்ந்து, புற்றுநோய் பரவ உதவுகிறது. இங்கே மைக்ரோ ஆர்.என்.ஏ. ஸ்பாஞ்ச் கதையே இல்லை. மூளையில் ஒரு வேலை, பெருங்குடல் கட்டியில் புற்றுநோய்ச் செல்லுக்குள்ளேயே ஆள் இல்லை, தோலில் காவல்காரன். ஒரே மூலக்கூறு! 'இந்த வட்டம் நல்லதா கெட்டதா' என்று கேட்பதே அர்த்தமில்லாத கேள்வி. எந்தச் செல்லில், எவ்வளவு, யாரோடு சேர்ந்து என்று கேட்க வேண்டும்.

சாட்சியாக ஒரு வட்டம்

குற்றவாளியைத் தண்டிக்கத்தான் பலமான ஆதாரம் வேண்டும். நல்ல சாட்சி கிடைத்தாலே மருத்துவத்துக்குப் பெரிய உதவி. இங்கே வட்டத்தின் ஆயுள் நம் பக்கம் வேலை செய்கிறது. செல்கள் வெளியே அனுப்பும் எக்சோசோம் என்ற நுண்பைகளில் வட்டங்கள் செறிந்திருப்பதை 2015-ல் ஷாங்காயில் காட்டினார்கள். 2019-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழு 2,000-க்கு மேற்பட்ட புற்றுநோய் மாதிரிகளின் வட்டங்களைத் தொகுத்தது. புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களின் சிறுநீரிலும் வட்டங்களைக் கண்டுபிடிக்க முடிகிறது என்றும் காட்டியது. ஊசி போட்டுக் கட்டியைக் குடையாமல் தகவல் கிடைக்குமென்றால் யாருக்கு வேண்டாம்?

இந்தக் குறிப்பை எழுதத் தூண்டியதும் இதுதான். கல்லூரி நண்பன் ஒருவன், அப்பாவுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது, ரத்தத்தில் ஆர்.என்.ஏ. பார்த்துப் புற்றுநோயைச் சொல்லிவிடலாம் என்ற செய்தியை அனுப்பி, "இது எங்க வீட்ல எல்லாரும் எடுத்துக்கலாமா டா?" என்று கேட்டான். அவனுக்குப் போனில் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கேயும் தருகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

எந்த அறிகுறியும் இல்லாத 10,000 பேர். அவர்களில் 50 பேருக்கு நோய் இருக்கிறது. சோதனை, நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும். நோயில்லாதவர்களில் 95 சதவீதம் பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும். கேட்க நல்ல சோதனைதான். நோயுள்ள 50 பேரில் 45 பேரைப் பிடித்துவிடும். நோயில்லாத 9,950 பேரில் 5 சதவீதம், அதாவது சுமார் 498 பேருக்கும் 'இருக்கிறது' என்று சொல்லும். மொத்தம் 543 பேர் கையில் பயப்பட வைக்கும் ரிப்போர்ட். உண்மையில் நோயுள்ளவர் அதில் 45 பேர். நூற்றுக்கு எட்டு. மீதிப் பேர் ஸ்கேன், பயாப்ஸி, தூக்கமில்லாத ராத்திரி என்று அலைவார்கள். இதனால்தான் ஆய்வகத்தில் வேலை செய்யும் சாட்சியை மருத்துவமனைக்குக் கொண்டுவர பெரிய அளவில், பல இடங்களில், ஆரோக்கியமானவர்களையும் சேர்த்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது. வட்ட ஆர்.என்.ஏ. சோதனை எதுவும் இன்றைக்கு வழக்கமான புற்றுநோய் சிகிச்சை நடைமுறையில் இடம்பிடிக்கவில்லை.

நண்பனிடம் கடைசியில் சொன்னது: அப்பாவின் டாக்டர் எழுதிக்கொடுக்காத சோதனைக்குப் பணம் கட்டாதே. செய்தியை அவரிடம் காட்டிக் கேள், தப்பில்லை.

அடுத்த தடவை செய்தி வரும்போது

'வட்ட ஆர்.என்.ஏ. புற்றுநோயைத் தூண்டுகிறது' என்று ஒரு கட்டுரையோ செய்தியோ பார்த்தால் நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை:

1. அரைத்த கட்டியில் எண்ணினார்களா, எந்தச் செல்லில் இருக்கிறது என்று நேரில் பார்த்தார்களா?

2. ஒரு செல்லுக்கு எத்தனை நகல்? ஸ்பாஞ்ச் என்று சொன்னால் கணக்கு ஒத்துவருகிறதா?

3. குறைந்திருக்கிறது என்றால், செல் பெருக்கத்தால் பங்கு பிரிந்ததைக் கழித்துவிட்டுச் சொல்கிறார்களா?

4. வட்டத்தை மட்டும் அடக்கினார்களா, நேர் இழையும் சேர்ந்து அடங்கியதா? வட்டத்துக்கே உரிய வரிசை என்பது ஒட்டு விழுந்த அந்த ஒரே இடம்தான். அதைக் குறிவைக்கும் துண்டின் ஒவ்வொரு பாதியும் நேர் இழையிலும் பொருந்தும். ஆகவே இது சாதாரணக் கேள்வி இல்லை.

5. சோதனை என்று சொன்னால், ஆரோக்கியமானவர்கள் எத்தனை பேரிடம் செய்து பார்த்தார்கள்?

ஐந்துக்கும் பதில் இருந்தால் அந்தக் கட்டுரையை உட்கார்ந்து படிப்பேன். முதல் இரண்டுக்கே பதில் இல்லையென்றால் தலைப்போடு நிறுத்திக்கொள்வேன்.

வட்டத்தின் நீண்ட ஆயுளையே மூலதனமாக வைத்து, ஆய்வகத்தில் செய்த வட்ட ஆர்.என்.ஏ.வைத் தடுப்பூசியாகவும் மருந்தாகவும் பயன்படுத்தும் முயற்சிகள் தனிக் கதை. அதை அடுத்த குறிப்பில் பார்ப்போம்.